கையை நீட்டினால் திரை பதில் சொல்லணும்: ஊடாட்டக் கலைக்கு எந்தக் கருவியை எடுப்பது?

“ப்ராசஸிங் கத்துக்கலாமா, இல்ல நேரா டச்டிசைனருக்கே போயிடலாமா?” பார்வையாளரின் அசைவுக்குப் பதில் சொல்லும் ஊடாட்டக் கலையில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான். சமீபத்தில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒருவர் உயிரியல் படிக்கும் மாணவி. சுவர் அளவுத் திரையில் பூஞ்சை படர வேண்டும், யாராவது கை வைத்தால் அந்த இடத்தை விட்டு விலகி வளர வேண்டும் என்கிறார். இன்னொருவர் நடனக் கலைஞர், மேடையில் தன் அசைவோடு ஒளியும் கூடவே வர வேண்டும் என்கிறார். மூன்றாமவர் பள்ளி ஆசிரியர், அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை, கையில் இருப்பதோ பழைய மடிக்கணினிகள்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால் அதிகம் கேட்கப்படும் ஐந்து மென்பொருள் கருவிகளை எடுத்துக்கொண்டு, எது யாருக்கு என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி அழகான படம் தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஐந்துமே தரும். முன்னால் வந்து நிற்கிற மனிதரைப் பற்றி உங்கள் படைப்பு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யார் துணையும் இல்லாமல் எத்தனை நாள் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் கருவி பாதி முடிவான மாதிரிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

எதை உணர வேண்டும். இந்தத் துறையில் காலம் தாண்டி நிற்கிற படைப்புகளைப் பார்த்தால், பார்வையாளரைப் பற்றி அவை தெரிந்துகொள்வது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. 1999-இல் கமீல் அட்டர்பேக்கும் ரோமி அகிடுவும் செய்த ‘டெக்ஸ்ட் ரெயின்’ படைப்பில் மேலிருந்து எழுத்துகள் மழையாக விழும், உங்கள் தோளிலும் நீட்டிய கையிலும் வந்து உட்காரும். அதற்குத் தோள் என்றால் என்ன என்றே தெரியாது. ஒரு குறிப்பிட்ட அளவைவிட இருட்டாக இருக்கும் பிக்சல் வந்தால் அங்கே நில், அவ்வளவுதான் விதி. 1997-இல் கார்ல் சிம்ஸ் செய்த ‘கலாபகோஸ்’ படைப்பில் 12 திரைகளில் செயற்கை உயிரினங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிடித்த உருவத்தின் முன்னால் தரையில் இருக்கும் சென்சார்மேல் போய் நின்றால் போதும், அது பிழைத்து அடுத்த தலைமுறையைப் பெறும், மற்றவை மறைந்துபோகும். உள்ளே நடப்பது முழுப் பரிணாம அறிவியல், வெளியே மனிதர் செய்ய வேண்டியது நிற்பது மட்டும். ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் ‘பல்ஸ் ரூம்’ (2006) உங்கள் நாடித்துடிப்பை மட்டும் கேட்கிறது. கைப்பிடியைப் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் பல்பு உங்கள் துடிப்பில் மின்னும், விட்டதும் அறை முழுக்கத் தொங்கும் பல்புகளின் துடிப்பெல்லாம் ஒரு இடம் தள்ளி நகரும், உங்களுடையதும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும்.

ஒன்றே ஒன்றை உணர்ந்தாலும் நன்றாக உணர வேண்டும். ஆகவே ‘உடம்பின் 33 புள்ளிகளையும் பிடிக்கிறேன்’ என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், உங்களுக்கு அத்தனையும் தேவையா என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

தாமதம். கை அசைந்ததற்கும் திரை அசைந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கே 33 மில்லிநொடி போய்விடும். அப்புறம் யூஎஸ்பி வழியாக வர வேண்டும், உடலைக் கண்டுபிடிக்கும் மாடல் ஓட வேண்டும், படம் வரைய வேண்டும், புரொஜெக்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 100 மில்லிநொடியைத் தாண்டினால், படைப்பு தன்னோடு இருக்கிறது என்ற உணர்வு போய், பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஆகிவிடும். அளந்து பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கையும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். கை நகர்ந்த ஃபிரேமிலிருந்து திரை நகர்ந்த ஃபிரேம் வரை எண்ணுங்கள். 24-க்குள் வந்தால் சரி. நான் ஒவ்வொரு படைப்புக்கும் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுவேன், கடைசி வாரத்தில் தெரிந்து பயனில்லை.

ஆளில்லாமல் ஓடுமா. வீட்டில் பத்து நிமிடம் ஓடுவது வேறு, காட்சிக்கூடத்தில் காலை முதல் மாலை வரை, கணினி தெரியாத ஒரு காவலாளி சுவிட்சைப் போட்டதும் தானாக எழுந்து ஓடுவது வேறு. முடிவெடுக்கும்போது பலர் மறந்துபோவது இதைத்தான்.

ஆயுள். ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்யப்பட்ட எத்தனையோ அருமையான வேலைகள் 2020 டிசம்பர் 31-ஓடு உலாவிகளின் ஆதரவை இழந்தன. 2010-இல் வந்த உடலசைவைப் பிடிக்கும் கினெக்ட் கேமராவை நம்பி ஒரு தலைமுறையே நிறுவல் படைப்புகள் செய்தது. 2017-இல் அதன் உற்பத்தி நின்றது. 2019-இல் வந்த அஷூர் கினெக்டும் 2023-இல் நின்றுபோனது. நீங்கள் எடுக்கும் முடிவில் எந்தப் பகுதி முதலில் சாகும் என்று இப்போதே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கற்கும் காலம், லைசென்ஸ். இவை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பி5.ஜேஎஸ்

லாரன் மெக்கார்த்தி 2013-இல் தொடங்கியது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். செட்அப், ட்ரா என்று இரண்டு ஃபங்ஷன், முதலாவது ஒருமுறை ஓடும், இரண்டாவது ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும், அவ்வளவு புரிந்தால் அன்று மாலையே ஒரு வட்டம் உங்கள் சுட்டியைத் துரத்தும். எம்எல்5 என்ற லைப்ரரியை (முன்பே எழுதிவைத்த கோட் தொகுப்பு) சேர்த்தால் வெப்கேமிலிருந்து கையின் 21 புள்ளிகள் கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு தூரம் கொண்டுபோகும் வேறு வழி எனக்குத் தெரியாது. அதோடு, படைப்பை ஒரு இணைப்பாக அனுப்பலாம். பார்ப்பவரின் ஃபோனே காட்சிக்கூடம். இது மற்ற நான்கிலும் இவ்வளவு சுலபமில்லை.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், உலாவி உங்கள் படைப்பை ஒரு அந்நியராகத்தான் பார்க்கும். பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்தில் கேமரா திறக்காது, திறந்தாலும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். பார்வையாளர் எங்காவது தொடும் வரை ஒலி எழாது. எதையும் தொடாமல் இருட்டில் நடந்து வருபவருக்குப் படைப்பு தானாக இசைக்க வேண்டும் என்று கனவு கண்டிருந்தால் இங்கே முட்டிக்கொள்வீர்கள். ஒரே பக்கத்தை முழுத்திரையில் காட்டும் கியோஸ்க் முறையில் உலாவியை அமைத்து இதைத் தாண்டலாம், அது உங்கள் சொந்தக் கணினியில் மட்டும்தான் நடக்கும்.

இன்னொன்று, லைப்ரரியும் மாடலும் இணையத்திலிருந்து இறங்குகிற மாதிரி எழுதிவிட்டு மறந்துபோவது. கூடத்தின் வைஃபை போனால் படைப்பும் போயிற்று. எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டு, நெட்டைத் துண்டித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துகள்கள் சில ஆயிரத்தைத் தாண்டினால் வேகம் குறையும், அப்போது கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடும் சின்ன நிரலான ஷேடர் கற்றுக்கொள்ள வேண்டிவரும். 2.0 பதிப்பில் கோப்புகளை ஏற்றும் முறை மாறியிருக்கிறது, பழைய பாடங்களில் சில அப்படியே ஓடாது.

தொலைவில் இருப்பவர்களுக்காகச் செய்கிறீர்கள், அல்லது யோசனை சரிவருமா என்று இரண்டு நாளில் பார்க்கணும் என்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

## ப்ராசஸிங்

பி5-க்கு மூத்தது. 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கினார்கள், கலைஞர்கள் கோட் எழுதப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். அடியில் ஓடுவது ஜாவா. இணையம் இல்லாமல், பழைய கணினியிலும் ஓடும். சென்சார்களை இணைக்கும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோவின் எழுதும் சாளரமே இதன் வழியில் வந்ததுதான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சென்சாரிலிருந்து எண்ணை வாங்கும் லைப்ரரி கூடவே வருகிறது. பொத்தான், வெளிச்ச சென்சார், தூரம் அளக்கும் சென்சார் என்று கைக்குத் தட்டுப்படும் பொருள்களோடு வேலை செய்பவருக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

குறை என்ன? ஆர்வலர்கள் எழுதிய லைப்ரரிகள் பலவும் பராமரிப்பில்லாமல் நின்றுவிட்டன. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பாடத்தைப் பார்த்து கினெக்ட் இணைக்கலாம் என்று உட்கார்ந்தால் வார இறுதி முழுக்கப் போய்விடும். உடல் அசைவைக் கண்டுபிடிக்கும் புதிய மாடல்கள் முதலில் வந்து சேரும் இடமும் இதுவல்ல. கேமராவை நம்பிய படைப்பு என்றால் வேறு பக்கம் போங்கள்.

## டச்டிசைனர்

கனடாவின் டொராண்டோவில் இருக்கும் டெரிவேட்டிவ் என்ற நிறுவனத்தின் வேலை. ஹூடினி மென்பொருளைத் தந்த சைட் எஃபெக்ட்ஸிலிருந்து வந்தவர்கள் 2000-இல் தொடங்கியது. கோட் வரிகளுக்குப் பதில் நோடுகள். கேமரா ஒரு பெட்டி, மங்கலாக்குவது ஒரு பெட்டி, இரண்டையும் கம்பியால் இணைக்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்று சின்னப் படமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இதை வார்த்தையில் சொன்னால் சின்ன வசதி மாதிரி தெரியும், ஆனால் தவறு எந்தப் பெட்டியில் ஆரம்பித்தது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

உதாரணத்துக்கு அந்தப் பூஞ்சையையே எடுத்துக்கொள்வோம். புலியின் கோடும் சிறுத்தையின் புள்ளியும் எப்படி வருகின்றன என்பதற்கு ஆலன் டூரிங் 1952-இல் ஒரு கணித விளக்கம் கொடுத்தார். இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டே வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான பரப்பில் தானாகவே புள்ளியும் கோடும் உருவாகும் என்றார். பின்னால் வந்த கிரே-ஸ்காட் மாதிரியில் இரண்டே எண்கள்தான் பெரிய வித்தியாசம் செய்யும். ஒன்று உணவு வரும் வேகம், இன்னொன்று அழியும் வேகம். அவற்றைத் துளி மாற்றினால் புள்ளி புழுவாகும், புழு பவளம்போல் கிளைக்கும். டச்டிசைனரில் ஃபீட்பேக் பெட்டி ஒன்று இருக்கிறது, போன ஃபிரேமின் படத்தை இந்த ஃபிரேமுக்குத் திருப்பி ஊட்டும். அதற்குள் மங்கலாக்கு, கழி, கூர்மையாக்கு என்று மூன்று நான்கு பெட்டிகளைச் சுற்றில் போட்டால் டூரிங்கின் கோலங்களைப் போலவே ஒன்று திரையில் ஊர்ந்து வளர ஆரம்பிக்கும். பார்வையாளரின் கை இருக்கும் இடத்தில் ஒரு கருப்பு வட்டத்தை அந்தச் சுற்றுக்குள் விட்டால், படர்ந்து வந்தது அங்கே நின்று, வட்டத்தின் ஓரமாக வழி தேடும். நான் முதல்முறை இதைப் பார்த்தபோது இரவு இரண்டு மணி. கையை எடுக்கவே தோன்றவில்லை.

செலவுக்கு வருவோம். இலவசமான வணிகமல்லாத பதிப்பில் படத்தின் அளவு 1280-க்கு 1280 பிக்சலைத் தாண்டாது. சாதாரண ஃபுல் எச்டி புரொஜெக்டரே 1920 அகலம். கற்பதற்கு இது தடையே இல்லை, ஆனால் யாராவது பணம் கொடுத்து அழைத்தால் லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும், அதை ஒப்புக்கொள்ளும் தொகையில் முதலிலேயே சேருங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும் ஓடும், லினக்ஸ் கிடையாது. தூரத்தையும் அளக்கும் டெப்த் கேமராக்கள் பலவும் விண்டோஸில்தான் ஒழுங்காக இணையும். கோப்பு முழுவதும் ஒரே கட்டியாக இருப்பதால், இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. ஒரே பாடத்தைப் பார்த்து எல்லோரும் செய்வதால், ஒரே மாதிரித் துகள் மேகம், ஒரே மாதிரி நெளியும் கோடு எங்கு பார்த்தாலும் வருகிறது. உங்கள் அறிவியல் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்தப் பள்ளத்தில் விழ மாட்டீர்கள்.

## ஓபன்ஃப்ரேம்வொர்க்ஸ்

சி++ நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு, அல்லது தெரிந்த நண்பர் கூடவே இருப்பவர்களுக்கு. ஸேக்கரி லீபர்மன், தியோ வாட்சன், ஆர்துரோ காஸ்ட்ரோ ஆகியோர் வளர்த்தது, எம்ஐடி லைசென்ஸ், முழுக்க இலவசம், எங்கும் பயன்படுத்தலாம். இதன் பெருமையைச் சொல்ல எனக்கு ‘ஐரைட்டர்’ போதும். ஏஎல்எஸ் நோயால் உடல் முழுக்கச் செயலிழந்த டெம்ப்ட் என்ற கிராஃபிட்டி ஓவியர், கண்ணசைவால் மட்டும் மறுபடி வரைவதற்காக 2009-இல் ஒரு குழு இதில் எழுதிக் கொடுத்த கருவி அது. மலிவான கேமரா, அகச்சிவப்பு விளக்கு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோட். கலையும் அறிவியலும் சந்திப்பது என்றால் என் மனசில் முதலில் வருவது இந்தப் படம்தான்.

மறைந்த செலவு முழுக்க நேரம். நிறுவி முதல் சாளரம் திறக்கவே ஒரு நாள் போகலாம். ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கவும் மறுபடி கம்பைல் செய்து, அதாவது கோடைச் செயலியாக மாற்றி, காத்திருக்கணும். பதிப்பு மாறும்போது துணை லைப்ரரிகள் உடையும். படம் வரைய இது நம்பியிருக்கும் ஓபன்ஜிஎல்லை மேக்கில் 2018-லேயே கைவிடப்படும் தொழில்நுட்பம் என்று அறிவித்துவிட்டார்கள், இன்னும் ஓடுகிறது, ஆனால் மேக்கை நம்பி நீண்ட காலத் திட்டம் போட நான் தயங்குவேன். லினக்ஸில் அந்தக் கவலை குறைவு. ஒருமுறை கம்பைல் செய்துவிட்டால் தனிச் செயலியாக நிற்கும், மாதக்கணக்கில் அசையாமல் ஓடும். அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்கும் படைப்புக்கு இதைவிட நிம்மதி கிடையாது.

## யூனிட்டி

முப்பரிமாண உலகம், இயற்பியல், விஆர் தலைக்கவசம் என்று போனால் இதுதான், மற்றவற்றில் முட்டிமோதுவது வீண். மற்றபடி, ஒரு சுவரில் ஒளி அசைய வேண்டும் என்பதற்காக இதைத் திறக்க வேண்டாம். விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது என்பதால் அதன் விளக்கும் கேமராவும் உங்களை விளையாட்டுத் தோற்றத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். நிபந்தனைகளும் மாறும். 2023 செப்டம்பரில் நிறுவல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் ரத்து செய்தார்கள். ரத்தானது நல்லது. ஆனால் ஐந்து வருடம் நிற்க வேண்டிய படைப்பை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

## அட்டவணையாக

| கருவி | எங்கே முந்தும் | எங்கே பணமும் நேரமும் கரையும் | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| பி5.ஜேஎஸ் | ஃபோன், இணைப்பு, வேகமான முன்மாதிரி | உலாவியின் அனுமதிகள், துகள் கூடினால் வேகம் | தொடாமலேயே ஒலி எழ வேண்டுமென்றால் |
| ப்ராசஸிங் | சென்சார், பழைய கணினி, வகுப்பறை | கைவிடப்பட்ட லைப்ரரிகள் | உடலசைவைப் பிடிப்பதே மையமென்றால் |
| டச்டிசைனர் | மேடை, புரொஜெக்ஷன், நேரலை மாற்றங்கள் | லைசென்ஸ், கிராஃபிக்ஸ் கார்டு | லினக்ஸ் மட்டும்தான் என்றால் |
| ஓபன்ஃப்ரேம்வொர்க்ஸ் | நிரந்தர நிறுவல், குறைந்த தாமதம் | கற்கும் காலம், கம்பைல் நேரம் | தனியாக, முதல்முறை என்றால் |
| யூனிட்டி | முப்பரிமாணம், விஆர் | எடை, மாறும் நிபந்தனைகள் | தட்டையான ஒளி மட்டும் போதுமென்றால் |

## இதைவிடப் பெரிய முடிவு: கேமராவா, சென்சாரா

மென்பொருளைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பாடம் கிடைத்தது இங்கேதான். ஒரு கூட்டுக் கண்காட்சியில் டெப்த் கேமரா வைத்து ஒரு படைப்பு செய்திருந்தேன். காலையில் எல்லாம் பிரமாதம். நாலு மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து தரையில் விழுந்தது. அந்த வகைக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. சூரிய ஒளியிலோ அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. கேமராவுக்குக் கண் கூசிவிட்டது. வயதான ஒருவர் வந்து நின்றார், கையை ஒருமுறை ஆட்டினார், கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை ஆட்டினார், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துபோனார். அவரை இன்னும் மறக்க முடியவில்லை. ஜன்னலுக்குத் தடித்த கருப்புத் துணி கட்டியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து இடத்தைப் பார்க்கப் போனால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போகிறேன்.

டெப்த் கேமரா இருட்டில் நன்றாக வேலை செய்யும், பின்னணி என்ன நிறமாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் வெயில் ஆகாது, அகச்சிவப்பை உறிஞ்சும் சில கருப்புத் துணிகள் அதன் கண்ணுக்கு ஓட்டையாகத் தெரியும். வெப்கேம் மலிவு, போனால் உடனே வேறொன்று செருகலாம். ஆனால் அது புரொஜெக்டர் வீசும் படத்தையே பார்த்து, அதையே மனித அசைவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு விளக்கால் ஆளை வெளிச்சப்படுத்தி, கேமராவின் முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை மாட்டிவிட்டால் (அகச்சிவப்பைத் தடுக்காத கேமராவாக இருக்கணும்), அதற்குப் புரொஜெக்டர் படம் தெரியவே தெரியாது.

தனி சென்சார்களின் அழகு அவற்றின் எளிமை. எச்சி-எஸ்ஆர்04 மாதிரியான மீயொலி சென்சார், ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும். 2 மீட்டரில் நிற்பவரிடம் ஒலி போய்த் திரும்ப சுமார் 12 மில்லிநொடிதான், நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமரா அதைத் தொடாது. தடிமனான கம்பளி உடுப்பு ஒலியை விழுங்கிவிடும், இரண்டு பேர் நின்றால் யார் என்று தெரியாது. அது தெரிய வேண்டிய அவசியமே இல்லாத படைப்பு என்றால் சென்சார்தான் என் தேர்வு. முகத்தைப் படம் பிடிக்கிறார்களோ என்ற பயமும் பார்வையாளருக்கு வராது.

எதை எடுத்தாலும் நிறுவும் நாளில் குழந்தை உயரத்திலும் சக்கர நாற்காலி உயரத்திலும் உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். தானியங்கி அப்டேட், தூக்க நிலை, அறிவிப்புகள் மூன்றையும் அணையுங்கள். மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழும்படி அதன் தொடக்க அமைப்பான பயாஸில் அமையுங்கள். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வேகம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## சரி, அந்த மூன்று பேருக்கு

மாணவிக்கு டச்டிசைனர், வணிகமல்லாத பதிப்பே போதும். ஆனால் பூஞ்சையின் கணக்கை நோடுகளில் முடித்துவிடாமல் ஜிஎல்எஸ்எல் மொழியில் ஷேடராக எழுதப் பழகச் சொல்வேன். அந்த ஷேடரைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பி5-க்கும் ப்ராசஸிங்குக்கும் ஓபன்ஃப்ரேம்வொர்க்ஸுக்கும் கொண்டுபோகலாம். நாளைக்கு ஒரு அருங்காட்சியகம் நிரந்தரமாக வைக்கக் கேட்டால் படைப்பின் உயிர் அப்படியே கூட வரும், மேலோடு மட்டும் மாறும்.

நடனக் கலைஞருக்கும் டச்டிசைனர்தான், காரணம் வேறு. ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் நிறுத்தாமல் மாற்றலாம். மேடையில் ஹாலஜன் விளக்குகள் இருந்தால் அவையும் அகச்சிவப்பைக் கொட்டும் என்பதை ஒளி அமைப்பாளரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், எல்ஈடி விளக்குகளில் அந்தத் தொல்லை குறைவு. அசைவின் வேகம் மட்டும் போதுமென்றால் மணிக்கட்டில் அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்றைக் கட்டி, மென்பொருள்கள் செய்தி பரிமாறும் ஓஎஸ்சி முறையில் எண்களை அனுப்பிப் பாருங்கள். கேமராவும் வேண்டாம், தாமதமும் குறையும்.

ஆசிரியருக்கு ப்ராசஸிங், ஒரு ஆர்டுயினோ, கொஞ்சம் கம்பி, ஒரு பூந்தொட்டி. 1992-இல் கிறிஸ்டா சொம்மரரும் லோரான் மின்யொனோவும் செய்த படைப்பில் உண்மையான செடிகளைத் தொட்டால் திரையில் செடிகள் வளரும். அதன் எளிய வடிவத்தை வகுப்பறையிலேயே செய்யலாம். ஆர்டுயினோவின் இரண்டு பின்களுக்கு (இணைப்பு முனைகளுக்கு) நடுவில் பெரிய மதிப்புள்ள ஒரு மின்தடை, பத்து மெகா ஓம் போல. அதிலிருந்து ஒரு கம்பியை ஈரமான மண்ணுக்குள் செருகினால் செடி முழுவதுமே தொடு சென்சார் ஆகிவிடும். திரையில் ஒரு கிளை வரைந்து, வருகிற எண்ணை அதன் நீளமாகக் கொடுங்கள். பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்லுங்கள், இலையைத் தொட அவசரப்பட வேண்டாம், மெதுவாகக் கையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மின்தடையைச் சரியாகப் பொருத்தியிருந்தால், விரல் இலையில் படுவதற்கு முன்னாலேயே கிளை நீள ஆரம்பித்துவிடும்.